பட்டப்பெயரும் தூக்குமரமும்



இங்கிலாந்தின் கன்சர்வேடிவ் கட்சியினரைச் செய்தித்தாள்கள் இன்றும் 'டோரி' என்று எழுதுகின்றன. அவர்களும் அந்தப் பெயரைக் கூச்சமின்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் பிறந்தபோது அது ஒரு வசைச்சொல். அந்த வசை முதலில் விழுந்தது நம் விசுவாசத்தைச் சேர்ந்த ஏழைகள்மேல்.

17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலருடைய நிலங்கள் பறிக்கப்பட்டன. பிழைக்க வழியில்லாமல் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் ஒளிந்து, கொள்ளையடித்து வாழ்ந்தவர்களுக்குத்தான் 'டோரி' என்று பெயர். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் வாழ்ந்த தீவிரமான பிரிஸ்பிட்டேரியன் சபையாருக்கு 'விக்' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். 1648-ல் எடின்பரோ நகரை நோக்கிப் படையாகத் திரண்டு சென்றவர்கள் அவர்கள்.

1679-ல் இந்த இரண்டு சொற்களும் லண்டன் அரசியலுக்குள் நுழைந்தன. மன்னர் இரண்டாம் சார்லசுக்குச் சட்டப்படியான பிள்ளைகள் இல்லை. அடுத்து அரியணை ஏற வேண்டிய தம்பி ஜேம்ஸ், கத்தோலிக்கராக மாறியவர். அவரை விலக்கப் பாராளுமன்றத்தில் மசோதா வந்தது. மசோதாவை ஆதரித்தவர்களை எதிரிகள் 'விக்' என்றார்கள். கலகக்காரன் என்று பொருள்பட. எதிர்த்தவர்களை இவர்கள் 'டோரி' என்றார்கள். டோரிகளில் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் சபையார். ஆனாலும் ஒரே சொல்லால் அவர்கள் கத்தோலிக்கக் கொள்ளையர் ஆகிவிட்டார்கள். அதன்பின் அவர்களுடைய வாதத்துக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம்!

காலப்போக்கில் இரு கட்சியாருமே தங்கள் பட்டப்பெயரைக் கொடியாகப் பிடித்துக்கொண்டார்கள். பதவியும் செல்வாக்கும் இருந்தவர்களுக்கு அது முடிந்தது. இல்லாதவர்களுக்கு?

அதே நாட்களில் கத்தோலிக்கருக்கு 'பேப்பிஸ்ட்' என்று பெயர். பாப்பரசரின் ஆள், நாட்டுக்குத் துரோகி என்ற நிந்தை அதில் இருந்தது. 1678-ல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவன், மன்னரைக் கொல்ல இயேசு சபையார் சதி செய்கிறார்கள் என்று பொய் சொன்னான். அந்தப் பெயர் ஏற்கெனவே மக்கள் மனதைத் தயார் செய்திருந்தது. சாட்சியைச் சரிபார்க்கப் பொறுமை இல்லை. குற்றமற்றவர்கள் தூக்கிலேறினார்கள். அவர்களில் ஒருவர் அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கட். 1681 ஜூலை 1-ஆம் நாள் லண்டன் டைபர்ன் தூக்குமரத்தில், தம்மைக் காட்டிக்கொடுத்தவர்களை மன்னித்துவிட்டு உயிர் கொடுத்தார். 1685-ல் ஓட்ஸ் பொய்சாட்சிக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. போன உயிர் திரும்பவில்லை. 1975-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் பிளங்கட்டைப் புனிதராக அறிவித்தார்.

அன்பானவர்களே, 'கிறிஸ்தவர்' என்ற நம் பெயரும் அந்தியோக்கியாவில் பிறர் நமக்கு இட்டதாகவே அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்தப் பெயருக்காகத் துன்பப்பட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று புனித பேதுரு தம் முதல் திருமுகத்தில் எழுத வேண்டியிருந்தது. பெயரால் அடிபட்ட வலி நம் குடும்பத்தின் பழைய வலி.

அப்படிப்பட்ட நாம் என்ன செய்கிறோம்? முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், பங்குப்பேரவைத் தேர்தலில் இரண்டு அணி. ஒவ்வொரு அணிக்கும் மற்றவர் சூட்டிய பட்டப்பெயர் ஒன்று. ஒருநாள் ஒரு பெரியவரைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பெயர் என் வாயிலும் வந்துவிட்டது. அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. "சாமி, நானா?" என்பதுபோல் பார்த்தார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்ன கருத்துக்காக அணி சேர்ந்திருந்தார் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

தன் சகோதரனை இழிசொல்லால் அழைப்பவனை ஆண்டவர் கொலைக்கட்டளையின் கீழேயே வைத்துப் பேசினார். டைபர்ன் தூக்குமரம் அதற்கு விளக்கவுரை. அரசியல் பேசுவோம், கருத்தில் மோதுவோம். ஆனால் எதிரில் நிற்பவரை அவருடைய ஞானஸ்நானப் பெயரால், பெற்றோர் இட்ட பெயரால் அழைத்துவிட்டு மோதுவோம்.

இறைவன் நம் நாவைத் தூய்மையாக்கி, நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.