புகை சென்ற வழி: உப்ஹார் முதல் தாக்குரியா வரை

1997 ஜூன் 13 மாலை, தில்லி உப்ஹார் திரையரங்கின் தரைத்தள வாகன நிறுத்தத்தில், மின்மாற்றியிலிருந்து கசிந்த எண்ணெய் பற்றியது. தீ கீழேயே நின்றுவிட்டது, புகை மேலேறிற்று. மாண்டவர் 59 பேர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் மேல்மாடத்தில் மூச்சுத்திணறி இறந்தவர்கள்.

விதிமீறிச் சேர்க்கப்பட்ட இருக்கைகளும் அடைபட்ட வெளிவாயிலுமே இவ்வழக்கில் பெரிதும் பேசப்பட்டன. அது நியாயமே. ஆயினும் புகை எவ்வாறு உள்ளே வந்தது என்பது தனிக் கேள்வி. படிக்கட்டுக் கூடம் புகைபோக்கியாயிற்று. குளிர்சாதனத்தின் ஊதிகளோ நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவை அரங்கினுள் காற்றழுத்தத்தைக் குறைக்க, திரையருகே இருந்த கதவு வழியாகவும் புகை உள்ளிழுக்கப்பட்டது. மக்களுக்குக் காற்றளிக்க அமைந்த பொறியே நஞ்சையும் அழைத்துவந்தது.

எச்சரிக்கை மணி ஒலித்ததும் காற்றுப்பொறிகள் தாமாக நிற்கவேண்டும், ஒவ்வொரு தளத்தின் காற்றுக்குழாயையும் தீத்தடுப்பு மடல்கள் துண்டிக்கவேண்டும் என உயர்கட்டடங்களுக்கு விதித்தது 1983ஆம் ஆண்டின் தில்லிக் கட்டட விதி. உப்ஹார் திறக்கப்பட்டது 1973இல். அவ்விதியிலும் ஓர் இடைவெளி இருந்தது. மடலைத் திறந்துவைத்திருப்பது உருகும் உலோக இணைப்பு. ஏறத்தாழ 70 பாகை வெப்பத்தில்தான் அது உருகும். தொலைவு கடந்து ஆறிய புகை, இணைப்பு உருகுமுன்பே குழாயைக் கடந்துவிடும். 2005ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு புகையுணரியால் இயங்கும் மடலையும் சேர்த்துக்கொண்டது. எனினும் உருகும் இணைப்பை விலக்கவில்லை.

2011 டிசம்பர் 9 விடியலுக்கு முன், கொல்கத்தா தாக்குரியாவிலுள்ள ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. வாகனங்களுக்கென ஒப்புதல் பெற்ற அவ்விடம் பொருட்கிடங்காகியிருந்தது. குளிர்சாதனக் குழாய்கள் வழியே புகை மேல்தளங்களை அடைந்தது. எழுந்து நடக்க இயலாத நோயாளிகள் உட்பட ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். திறக்கவியலாத கண்ணாடிச் சுவரைத் தீயணைப்பாளர் உடைக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட 14 ஆண்டுகளில் அறிவு இல்லாமற்போகவில்லை. தேசிய விதித்தொகுப்பு வெறும் பரிந்துரை. மாநிலச் சட்டமோ நகராட்சி விதியோ ஏற்றால்தான் அதற்கு வலிமை. தீயணைப்போ மாநிலப் பொறுப்பு. 1992ஆம் ஆண்டின் 74ஆம் திருத்தம் அதை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் சேர்த்தது. வரைபடத்தில் மடலைக் காட்டி ஒப்புதல் பெற்றபின், அது மூடுகிறதா என ஆண்டுதோறும் சோதிப்பது எவர் கடமை என்பது நகருக்கு நகர் மாறும். 2016ஆம் ஆண்டுப் பதிப்பும் பரிந்துரையாகவே வெளிவந்தது.