மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை பிறந்ததும் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்திலும் ஒரகடம் சாலை முனையிலும் கறுப்பு, நீல வேட்டிகள் பெருகிவிடும். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் சீருடைக் காலருக்குள் துளசி மணி தெரியும். அவர்களில் ஐப்பசிக் கடைசி நாள் வரை டீயோடு ‘தம்’ போட்டவர்களும் உண்டு. ஒரு மண்டலம் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டு, சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய வாரத்திலேயே பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் மறுபடி பற்றவைப்பவர்கள் அவர்களிலேயே இருக்கிறார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் புகையை விட்டவர்கள் ஏன் திரும்பப் புகைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்த வழக்கத்தைவிடத் தெளிவான சான்று நம்மிடம் இல்லை. விட வைப்பதும் விட்டவரைத் தாங்கிப்பிடிப்பதும் பெரும்பாலும் சுற்றியிருக்கிற ஏற்பாடுதான். அந்த ஏற்பாடு கலையும் நாளில் பழக்கம் திரும்புகிறது.

தமிழ்நாட்டில் இந்த ஐயப்ப விரதம் பெருவழக்கானது கடந்த முக்கால் நூற்றாண்டில்தான். 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பின், 1936இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகச் சில மாதம் இருந்த பி.டி. ராஜன் முன்னின்று அளித்த பஞ்சலோக விக்கிரகம் தமிழக ஊர்கள் வழியாக ஊர்வலமாகப் போனது. நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழு ஐயப்பன் கதையை மேடையேற்றிப் பரப்பியது. இந்தப் பக்கம் ஆலைகள் வந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். குன்றைக் குடைந்த நரசிம்மர் கோயிலுக்குப் பேர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவில் அருகே முதலில் மறைமலை நகர் எழுந்தது. அங்கே ஃபோர்டு ஆலை 1999 முதல் 2022 வரை கார் செய்தது. 2002இல் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸானும், 2012இல் டைம்லரும் வந்தன. வீட்டை விட்டு வந்து அறை எடுத்துத் தங்கி ஷிப்ட் பார்க்கும் இளைஞர்களுக்கு டீக்கடை இளைப்பாறும் இடமானது. தூக்கத்தை விரட்டவும் பேச்சுத் துணைக்கும் சிகரெட் கூடவே வந்தது. விரதமும் புகையும் ஒரே மனிதனிடம் வந்து சேர்ந்த பின்னணி இதுதான்.

விரதம் அவருக்கு என்ன தருகிறது? கழுத்தில் எல்லோருக்கும் தெரியும் அடையாளம் ஒன்று. ‘சாமி’ என்று கூப்பிடும் சக ஊழியர்கள். அப்படிக் கூப்பிட்டவரே சிகரெட்டை நீட்டமாட்டார். விடியுமுன் குளியல், மாலையில் பஜனை என்று மாறிப்போன கால அட்டவணை. ஒரே அறையில் விரதமிருக்கும் தோழர்கள். தவறினால் கேட்க ஒரு குருசாமி. புகையை விட நினைக்கும் மனிதர் மருத்துவரிடம் போனால் கிடைக்கும் அறிவுரையும் இவைதான்: நாலு பேரிடம் சொல்லிவிடு, புகைக்கும் கூட்டத்தைத் தள்ளிவை, அந்த நேரத்துக்கு வேறு வேலை வை, துணை தேடு. மருத்துவர் சொல்லி அனுப்புவதை விரதம் ஊரையே கூட்டிச் செய்துகொடுக்கிறது.

இது பக்தியின் வலிமை, ஏற்பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பக்திதான் காரணம் என்றால், மாலை கழற்றிய மறுநாள் அது எங்கே போனது? மலைக்குப் போய்வந்தவரின் நம்பிக்கை கூடியிருக்குமே தவிரக் குறைந்திராது. குறைந்தவை அடையாளமும், கூட்டமும், கால அட்டவணையும், கேள்வி கேட்பவரும்தான். ரமலான் மாதத்தில் பகல் முழுக்கப் புகைக்காமலிருந்து, நோன்பு திறந்ததும் சிகரெட்டைத் தேடுபவரிடமும் இதைக் காணலாம். அவருடைய இறைநம்பிக்கை சூரியனோடு மறைவதில்லை.

அடுத்த மறுப்பு உடல் சார்ந்தது. நிகோடின் ஒரு போதைப்பொருள், அதை அடைய உடல்தானே இழுக்கிறது என்பார்கள். இழுப்பது உண்மை, அதனால்தான் அதிகம் புகைப்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கமும் மருந்துகளும் உதவுகின்றன. ஆனால் ரத்தத்தில் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. எரிச்சலும் தவிப்பும் முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலோருக்கு நான்கு வாரங்களுக்குள் தணிகின்றன. நாற்பது நாளுக்கு மேல் நீளும் மண்டலத்தை முழுதாக இருந்தவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டவர். அவர் திரும்புவதற்கு உடலின் தேவையை மட்டும் காரணம் காட்ட முடியாது. இதற்கு வலுச் சேர்ப்பது வியட்நாம் போரின் பிற்பகுதியில் ஆய்வாளர் லீ ராபின்ஸ் செய்த ஆய்வு. அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி, 1971இல் அமெரிக்கா திரும்பிய சிப்பாய்களில் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்கள் பழகிய இடத்தையே விட்டு வந்தவர்கள். ஒரகடம் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கோயிலிலிருந்து திரும்பிய மறுநாள் அதே ஷிப்ட், அதே டீக்கடை.

சட்டம் இடத்தை மாற்றவில்லையா என்றால், பாதி மாற்றியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் சேர்த்தன. அருகில் நிற்பவரின் நுரையீரலுக்கு அது பெரும் நன்மை. புகைப்பவரையோ அது வேலிக்கு வெளியே அனுப்பியது. பள்ளி, கல்லூரிகளிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்ற 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஆலை வாசலுக்குப் பொருந்தாது. அங்கே சிகரெட் சில்லறையாகவே கிடைக்கிறது. தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10இல் 16.2 விழுக்காடு; 2016-17இல் 20 விழுக்காடு. நாடு முழுவதும் விகிதம் குறைந்த அதே காலத்தில் இங்கே கூடியிருக்கிறது. தடை மட்டும் போதாது என்பதற்கு இதுவும் சாட்சி.

அப்படியானால் விரதமே தீர்வா? அதற்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: முடிவுத் தேதி. ஹண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1971இல் புகை, மது, ஹெராயின் மூன்றையும் விட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திரும்பாமல் நிலைத்தவர்களைக் காட்டும் மூன்று வரைகோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே சரிந்தன. திரும்பியவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்திலேயே திரும்பியிருந்தார்கள். மண்டலம் முடிவது அந்தச் சரிவின் நடுவில். மேலும், ஒரு சிகரெட் பிடித்ததும் ‘எல்லாம் போச்சு’ என்று கைவிடும் மனநிலைதான் சறுக்கலை வீழ்ச்சியாக்குகிறது என்று உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களில் விளக்கினார். மாலையைக் கழற்றியவருக்கோ அந்த ஒரு சிகரெட் சறுக்கலாகக்கூடத் தெரிவதில்லை. காலக்கெடு முடிந்ததால் கிடைத்த அனுமதியாகத் தெரிகிறது.

ஆகவே மாலை கழற்றும் நாளிலிருந்து மூன்று மாதத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஆலைகளின் மருத்துவ அறைகள் புகையிலை ஒழிப்பு நாளில் உறுதிமொழி வாங்குவதைவிட, தை மாதத்தில் திரும்பி வரும் சாமிகளின் பெயரைக் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை விசாரிப்பது பயன் தரும். சிகரெட் பெட்டிகளில் 2018 முதல் அச்சாகும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது; அந்த எண்ணை ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே விட்டு நிலைத்துவிட்ட ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் குருசாமியின் வேலையைத் தொடரலாம்: டீ இடைவேளையில் கூட நிற்பது, ஒன்று பிடித்துவிட்டேன் என்று வருபவரிடம் நாளை மறுபடி தொடங்கச் சொல்வது. இதற்கு ஆன்மிகமோ மதமோ தேவையில்லை. மனிதர்களைத் தாங்கிப்பிடிக்க நம் ஊர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் முறையின் கெடுவை நீட்டினால் போதும்.