கிழக்குக் கரைக் கதைகள்: அம்மை கண்ட தலைநகரில் ஒரு சுவாமியார்

ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறும். பன்னிரண்டு நாள் கழித்துக் கந்தூரியோடு கொடி இறங்கும். பள்ளி நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் நிற்கிறது. அவர் அடங்கியிருப்பதோ கடலுக்கு அப்பால் நாகூரில். அப்படியிருந்தும் காய்ச்சல் தீராத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நேர்ச்சை வைக்கும் தாய்மார் இங்கே குறையவில்லை. தமிழ் ஊர்களிலிருந்து வருபவர்களும் உண்டு. இது மார்க்கத்தில் இல்லாதது என்று கண்டிக்கும் ஆலிம்களும் இதே கரையில்தான் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நோயாளியின் வீட்டில் பிறக்கும் நம்பிக்கையைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

நாகூர் ஆண்டகையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எல்லாருக்கும் தெரிந்தது புறாக் கதை. தஞ்சாவூர் நாயக்க மன்னருக்குத் தீராத வலி. அரண்மனையில் ஓரிடத்தில் உடம்பெல்லாம் ஊசி குத்திய புறா ஒன்று கண்டெடுக்கப்படுகிறது. பெரியவர் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க, மன்னரின் வலி இறங்கிக்கொண்டே வருகிறது. நாகூருக்குத் தெற்கே, இருபது கிலோமீற்றருக்குள், வேளாங்கண்ணி. அங்கே நடுத்திட்டில் மோர் விற்றுக்கொண்டிருந்த கால் விளங்காத சிறுவனிடம், குழந்தையோடு வந்த ஒரு தாய் மோர் கேட்டு வாங்கினாள். அவன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்பது கத்தோலிக்கர் சொல்லும் வரலாறு. இரண்டையும் பதினாறாம் நூற்றாண்டில் நடந்ததாகவே சொல்கிறார்கள். இந்தப் பக்கத்து மீனவரும் வியாபாரியும் இரண்டு கதைகளையும் ஒரே தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள்.

ஈஸா நபி பிறவிக் குருடரையும் குஷ்டரோகியையும் அல்லாஹ்வின் அனுமதியால் குணப்படுத்தினார் என்று ஆலு இம்றான் அத்தியாயம் சொல்வது நம் வாசகர்களுக்குத் தெரியும். சுவிசேஷங்களும் அந்தச் சுகங்களை வரிசையாகச் சொல்கின்றன. ஆனால் கப்பர்நாகூமில் நடந்த ஒன்றைக் கிறிஸ்தவர்கள் தனியாக எடுத்துச் சொல்வார்கள். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம், நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை உள்ளே இறக்குகிறார்கள். இயேசு முதலில் சொன்னது அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்பது. எழுந்து நட என்றது அதற்குப் பிறகுதான். உடம்பின் சுகம் அடையாளம், ஆத்துமாவின் இரட்சிப்பே காரியம் என்பதைச் சபை இந்தக் கதையிலிருந்துதான் படித்தது. சுகமானவன் ஒருநாள் மறுபடி நோயில் விழுவான், சாவான். மீட்பு அப்படியல்ல என்பது அவர்கள் விசுவாசம்.

அந்த விசுவாசத்தோடு இலங்கைக்கு வந்து, சுகமாக்குதல் என்றால் என்னவென்று தன் கையால் காட்டியவர் ஜோசப் வாஸ் சுவாமி. கோவாவின் பெனாலிம் ஊரில் 1651 இல் பிறந்தவர். அவர் யாழ்ப்பாணத்தில் இறங்கிய 1687 இல் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. கூலியாள் வேடத்தில், கழுத்தில் செபமாலை தொங்க, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறதோ அவர்தான் கத்தோலிக்கர் என்று கண்டுகொள்வது அவர் கணக்கு.

1692 இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கீசரின் ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். நம் ஊர்களுக்கு இந்தப் பரம்பரையோடு ஒரு நெருக்கம் உண்டு. போர்த்துக்கீசர் 1626 இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, அவர்களில் நாலாயிரம் பேர்வரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியவன் செனரத் மன்னன். விமலதர்மசூரியன் அவனுடைய பேரன். பாட்டன் போர்த்துக்கீசர் துரத்திய முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தான். பேரனின் ஊரில் ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கரின் குருவுக்கு இடம் கிடைத்தது. பௌத்த அரசொன்று செய்த இந்த இரண்டு காரியங்களையும் நம் பாடப்புத்தகங்கள் சேர்த்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

வாஸுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது ஒரு மழை என்பார்கள். நாடு வறண்டு கிடந்தபோது அவர் வெளியில் பலிபீடம் அமைத்து மண்டியிட்டாராம்; மழை கொட்டியதாம்; அவர் இருந்த இடம் மட்டும் நனையவில்லையாம். கத்தோலிக்கர் இன்றும் சொல்லும் அற்புதம் இது. எனக்கோ 1697 இல் நடந்ததுதான் பெரிது.

அந்த ஆண்டு கண்டியில் பெரியம்மை. அரசன் தலைநகரை விட்டுப் போனான், பிரதானிகளும் போனார்கள். நோய் கண்டவர்களை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது. தொட்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டும் என்ற பயம். வாஸும் அவருடைய உறவினரான ஜோசப் கர்வாலோ சுவாமியும் தங்கிவிட்டார்கள். காட்டில் கிடந்தவர்களுக்குக் குடிசை போட்டார்கள். வெறிச்சோடிய வீடுகளை நோயாளிகளின் விடுதியாக்கினார்கள். சோறு கொண்டுபோனார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களுக்குக் குழி வெட்டினார்கள். எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை.

ஜென்னர் இங்கிலாந்தில் அம்மைப்பால் குத்தியது 1796 இல். அதற்கு இன்னும் 99 வருடம் இருந்தது. மருந்தே இல்லாத அந்த நோயில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் இறப்பார்கள். ஆனால் தனியே விடப்பட்டவர் அம்மையால் மட்டும் சாவதில்லை. நா வறண்டு, பசித்து, எழுந்து தண்ணீர் மொள்ளச் சீவனின்றிச் சாவார். வாய்க்குத் தண்ணீர் வார்க்க ஓர் ஆள் இருந்தாலே பிழைத்துவிடக்கூடியவர்கள் அந்தக் காட்டில் இருந்திருப்பார்கள். வாஸ் தாதியாக வந்தவர் அல்லர், ஆத்துமாக்களைத் தேடி வந்தவர். சாகக் கிடந்தவர்களுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார். அதை மறைத்தால் அவரைச் சரியாகச் சொன்னதாகாது. அவருக்கு இரண்டும் வேறு வேறு வேலைகள் அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நாட்டிலேயே வேறொரு போக்கும் பிறந்தது. கேரளத்தில் பிறந்து கொழும்பில் ஊழியம் செய்த ராமன்குட்டி என்ற பாஸ்டர் பால் முதலானோர் 1924 இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், தெய்வீக சுகம் என்ற போதனையை முன்னே வைத்தது. நோய்க்கு மருந்தை நாடாமல் செபத்தையே நாடும் வைராக்கியம் அவர்களுடையது. தமிழ்நாட்டுக்கும் அதற்கு அப்பாலும் பரவிய சபை அது. அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சீனி வியாதிக்காரர் செபக்கூட்டம் முடிந்து வந்து கிளினிக் கொப்பியைத் தூக்கி எறிவதை என்னால் மதிக்க முடியவில்லை. செபத்துக்கும் மாத்திரைக்கும் ஒரே நாளில் இடம் உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையே அற்புத விஷயத்தில் அவசரப்படுவதில்லை. சுகம் திடீரென்றும் முழுமையாகவும் நடந்து நிலைத்திருக்க வேண்டும்; மருத்துவத்தால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். பிரான்ஸின் லூர்துவில் சுகமானதாக வந்த அறிவிப்புகள் ஏழாயிரத்துக்கும் மேல். 1858 முதல் இதுவரை ஏற்கப்பட்டவை எழுபதுக்குச் சற்றே அதிகம். ஒருவரைப் புனிதராக்கவும் பொதுவாக இரண்டு அற்புதங்கள் நிரூபிக்கப்பட வேண்டும். 1711 இல் கண்டியில் இறந்த வாஸுக்கு 1995 இல் முக்திப்பேறு பட்டம் கிடைத்தது. பிறகு இருபது வருடம் காத்திருப்பு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, இரண்டாவது அற்புதம் தேவையில்லை என்று விலக்கு அளித்திருந்தார்.

அடுத்த வாரம்: 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடங்கள் திறந்து, ஒரு வருடம் முடியுமுன்பே நோயில் இறந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்.