சுருளும் ஜாடியும் சொன்ன கணக்கு

கம்பிச்சுருளும் மின்தேக்கியும் தொடராக உள்ள மாறுதிசை மின்சுற்றில், ஏதோ ஓர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு இந்த ஒத்ததிர்வு பழகிய விஷயம். மதிப்பு தெரியாத சுருளையும் மின்தேக்கியையும் இந்த உச்சத்தை வைத்தே அளந்துவிடலாம் என்ற உத்திக்குத்தான் நீண்ட பூர்வகதை இருக்கிறது.

1820களில் பாரிஸில் ஃபெலிக்ஸ் சவாரி, அக்கால மின்தேக்கியான லெய்டன் ஜாடியில் சேர்த்த மின்னூட்டத்தைக் கம்பியில் பாய்ச்சி எஃகு ஊசிகளைக் காந்தமாக்கிப் பார்த்தார். எல்லா ஊசிகளும் ஒரே திசையில்தானே காந்தமாக வேண்டும்? சில ஊசிகள் தலைகீழாகக் காந்தமாகியிருந்தன. மின்சாரம் முன்னும் பின்னும் ஊசலாடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. 1842இல் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் அதே முடிவுக்கு வந்தார். 1853இல் வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, கணக்கையே போட்டுவிட்டார்: மின்தடை சிறிதாக இருந்தால், ஊசலாட்டத்தின் வேகம் சுருளின் தூண்டல் எண்ணையும் ஜாடியின் மின்தேக்குதிறனையும் பொறுத்தது.

அடுத்த திருப்பம் ஒரு வழக்கறிஞரால் வந்தது. லண்டனில் வக்கீல் தொழிலோடு விஞ்ஞானமும் செய்துவந்த வில்லியம் குரோவ், 1868இல் ஒரு விசித்திரத்தைக் கண்டார். மாறுதிசை மின்சாரம் தரும் எந்திரத்தைத் தூண்டுசுருளோடு கம்பியால் நேராக இணைத்தால் பொறி இல்லை. இணைப்பை அறுத்து இடையில் மின்தேக்கியை வைத்தால் பொறி பறந்தது! இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லிடம் இதைச் சொன்னார். மறுநாளே மேக்ஸ்வெல் கடிதத்தில் விடை எழுதினார்: சுருளின் தடுப்பை மின்தேக்கி ஈடுகட்டிவிடுகிறது. ஒத்ததிர்வின் கணக்கு இப்படி ஒரே இரவில் உருவானதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிறகு வியாபாரமும் வந்து சேர்ந்தது. இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் 1889இல் இரண்டு ஜாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒன்றின் கம்பி வளையத்தைச் சரியான நீளத்துக்கு நகர்த்தியதும் மற்றதன் மின்னிறக்கத்துக்கு இதில் பொறி தாவுவதைக் காட்டினார். இதையே கம்பியில்லாத் தந்தியின் அலைத்தேர்வுக்குப் பயன்படுத்தி 1897இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1900இல் மார்கோனியும் 7777 என்ற எண்ணுள்ள காப்புரிமையோடு அதே களத்தில் இறங்கினார். பின்னர் லாட்ஜின் உரிமையை மார்கோனி நிறுவனமே விலைக்கு வாங்கியது. மார்கோனியின் அமெரிக்க அலைத்தேர்வுக் காப்புரிமையின் முக்கியக் கோரிக்கைகள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1943இல் தீர்ப்பளித்தது. லாட்ஜ் முதலியோர் முந்திக்கொண்டதே காரணம்.

வானொலி பரவியதும் சுருள்களை ஆயிரக்கணக்கில் சோதிக்க வேண்டிவந்தது. 1934இல் நியூஜெர்சியின் பூன்டன் ஊரிலிருந்து கியூ மீட்டர் வந்தது. தெரியாத சுருளை மாட்டி, சிறிய மின்னழுத்தம் கொடுத்து, அளவு குறித்த மின்தேக்கியைத் திருகினால் போதும். முள் உச்சம் தொடும் இடத்தில் தூண்டல் எண் கிடைக்கும். உச்சத்தின் உயரம் சுருளின் தரக்காரணியைச் சொல்லும்.

இன்று அந்த வேலையை உள்ளங்கையளவு பலகை செய்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் வைத்த மலிவான எல்.சி. மீட்டர்களை உலகெங்கும் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள். உள்ளே உள்ள சுருள், மின்தேக்கி இரண்டின் மதிப்பும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. சுற்று முதலில் 500 கிலோஹெர்ட்ஸில் ஊசலாடுகிறது என்று வைப்போம். மதிப்பு தெரிந்த 1,000 பைக்கோஃபாரட் மின்தேக்கியைப் பக்க இணைப்பில் சேர்க்கிறோம், அதிர்வெண் 353.6க்கு இறங்குகிறது. இரண்டு அதிர்வெண்கள், இரண்டு சமன்பாடுகள், இரண்டு விடைகள். அதிர்வெண்ணின் வர்க்கம் பாதியாகிவிட்டதால் மொத்த மின்தேக்குதிறன் இரட்டித்திருக்க வேண்டும்; ஆகவே உள்ளே இருந்ததும் 1,000 பைக்கோஃபாரட்தான். அதைக் கொண்டு சுருளைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 101 மைக்ரோஹென்றி. அதிர்வெண் என்பது எண்ணிக்கை. எண்ணுவதைப் போலத் துல்லியமாக நாம் வேறெதையும் அளப்பதில்லை. இந்த உத்தியின் பலமே அதுதான்.

கல்லூரி ஆய்வகத்தில் எல்.சி.ஆர். சோதனை செய்யப்போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சத்தை மட்டும் குறித்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். மின்னோட்டம் உச்சத்தில் 70.7 சதவீதமாக இறங்கும் இரு பக்க அதிர்வெண்களையும் எடுங்கள். அவற்றின் வித்தியாசத்தைத் தூண்டல் எண்ணாலும் 2π-யாலும் பெருக்கினால் சுற்றின் மொத்த மின்தடையும் கிடைத்துவிடும்.