தோலில் விளையும் ஹார்மோன்: நாசிக் முதல் மூணாறு வரை

நாசிக் பகுதியை ஆராய்ந்து ஹட்சிசன், ஷா ஆகியோர் 1922இல் வெளியிட்ட கட்டுரை ஒரு முரணைப் பதிவு செய்தது. நன்கு உண்ட செல்வர் வீட்டுக் குழந்தைகளிடம் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் காணப்பட்டது. அரைவயிறு உண்டு வெளியில் உழைத்த ஏழைகளின் குழந்தைகளிடம் அது காணப்படவில்லை. முன்னவர்கள் வீட்டுக்குள் வளர்ந்தார்கள். பின்னவர்கள் வெயிலில் வளர்ந்தார்கள். பாதரச ஆவி விளக்கின் புற ஊதாக்கதிர் இந்நோயைக் குணப்படுத்தும் என்று பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919இலேயே காட்டியிருந்தார்.

அக்கதிர் தோலில் என்ன செய்கிறது என்பது மெல்லத்தான் விளங்கியது. மேல்தோல் செல்களில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை அது வைட்டமின் டி3 ஆகும் வழியில் செலுத்துகிறது. கல்லீரலைக் கடந்துவரும் அப்பொருளின் இறுதி வடிவம் சிறுநீரகத்தில் உருவாவதை 1970இல் ஃப்ரேசரும் கோடிசெக்கும் நிறுவினர். உணவுச் சத்தாக எண்ணப்பட்டது, ஹார்மோனாக அறியப்பட்டது. 2007இல் டேவிட் ஃபிஷர் குழு மற்றொன்றைக் காட்டியது: கதிர்பட்ட கெரட்டினோசைட் செல்கள், பி53 புரதத்தின் தூண்டுதலால் பிஓஎம்சி என்னும் மூலப்புரதத்தை ஆக்குகின்றன. அதிலிருந்து தோலைக் கறுக்கச் செய்யும் ஹார்மோனும், வலி தணிக்கும் பீட்டா எண்டார்ஃபினும் பிரிகின்றன. தோல் வெறும் போர்வையன்று. அது ஒரு நாளமில்லாச் சுரப்பியும் ஆகும்.

இவ்வரலாறு தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்கும் உரியது. 2025 மார்ச்சில் பாலக்காட்டின் திருத்தாலாவில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொட்டது. உயரம் கூடக் கூடக் கதிரும் வலுக்கும் என்பதால், மூணாற்றின் குளிர் ஏமாற்றக் கூடியது. காலை 10 முதல் பிற்பகல் 3 மணிவரை வெயிலைத் தவிர்க்குமாறு அரசு அறிவுறுத்துகிறது. ஆனால் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்கு அதுவே வேலைநேரம். அதே இடுக்கியில், கம்பம் பகுதியிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்டத்திற்குச் செல்வோர் மரநிழலில் உழைக்கின்றனர். ஒரே வானம், தோலில் படும் கதிரோ வேறு.

குறியீடு வானத்தை அளக்கிறது. தோலில் விழும் கதிரைத் தொழிலும் உடையும் வழக்கமும் முடிவு செய்கின்றன. நாசிக்கில் வெயிலின்மை செல்வர் வீட்டின் நோயாயிற்று. இங்கே வெயிலின் மிகுதி கூலியாளரின் சுமையாகிறது. எச்சரிக்கை பயன்தர வேண்டுமெனில், அது வேலைநேரத்தையும் மாற்ற வேண்டும்.