துண்டு: கடன் எழுதிய சீட்டு

பெருநகரங்களில் வாடகை வீடு தேடுகிறவரிடம், முன்பிருந்த வீட்டில் வாடகையை ஒழுங்காகக் கட்டினாரா என்று விசாரிக்கிறார்கள். பாக்கி வைத்தவர் எனத் தெரிந்தால் கதவு திறப்பதில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர்கள் இதை அறிவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மலையகத்தின் பழைய வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது. அங்கே, கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு இருந்தால்தான் அடுத்த தோட்டத்தில் வேலையும் லயத்து அறையும் கிடைத்தன. அந்தச் சீட்டின் பெயர் துண்டு.

திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தார்கள். வழிச்செலவு, சாப்பாடு, முன்பணம் யாவும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. நுவரெலியாவிலோ அட்டனிலோ தோட்டத்தை அடையும்போதே அவர் கடனாளி.

1889ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு அவர் விலகலாம். நடைமுறை வேறு. துண்டு இல்லாதவரைச் சேர்ப்பதில்லை என்பது துரைமாருக்கிடையே இருந்த வழக்கம். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதித் தருவார். புதிய தோட்டம் அதைச் செலுத்தும். ஆனால் கடன் தீராது. கடன் கொடுத்தவர் மட்டுமே மாறுவார்.

ஆள் தட்டுப்பாடு மிகுந்தபோது துண்டின் தொகையும் உயர்ந்தது. கூடுதல் முன்பணம் தரும் தோட்டத்துக்குத் தம் கூட்டத்தோடு மாறிய கங்காணிகள் இலாபம் கண்டார்கள். கையில் ஒரு சதமும் வாங்காத தொழிலாளியின் பெயரில் கடன் பெருகியது.

இன்றைய வீட்டுக்காரர் கடனாளியை ஒதுக்குகிறார். அன்றைய தோட்டமோ அவரை விலை கொடுத்து வாங்கியது. கேட்ட கேள்வி ஒன்றுபோலத் தோன்றினாலும் நோக்கம் வேறு. கடன் அங்கே ஓர் ஆளின் நாணயத்தை அளக்கவில்லை, அவரைக் கட்டி வைத்தது.

இந்தியாவில் எழுந்த கண்டனங்களும் சேர்ந்து நெருக்க, 1921இல் துண்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனால் லயத்து அறை தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சம் சட்டத்தோடு ஒழியவில்லை.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. இன்றும் பல குடும்பங்கள் காணி உறுதி இல்லாமலே லயங்களில் வாழ்கின்றன. கடன் எழுதிய துண்டு போய் நூறாண்டு கடந்துவிட்டது. சொந்தப் பெயர் எழுதிய உறுதி இன்னும் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை.