கர்ப்பிணியின் கையில் பி.பி. பட்டை ஏறிய கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை, பேறுகால வலிப்பு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல மருத்துவர்களுக்கு வழியில்லை. காலையில் தலைவலி, கண் மங்கல் என்று சொன்ன நிறைமாதக் கர்ப்பிணிக்கு மாலைக்குள் கை கால் வெட்டி இழுக்கும். பல நேரம் தாய், பிள்ளை இரண்டு உயிரும் போய்விடும்.

முதல் துப்பு சிறுநீரில் கிடைத்தது. லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரைச் சோதித்து, அதில் அல்புமின் என்ற புரதம் இறங்குவதை 1843-இல் எழுதினார். பிரசவத்துக்குப் பின் அது மறைந்துவிடுவதையும் கவனித்தார். ஆனால் அந்தப் புரதம் இறங்கக் காரணம் என்ன என்பது பிடிபடவில்லை.

1896-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஷிபியோனே ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் ஒரு கருவி செய்தார். சைக்கிள் டியூப், மைக்கூடு, செப்புக் குழாய், கொஞ்சம் பாதரசம்: சாமான் அவ்வளவுதான். மேல்கையில் டியூபைச் சுற்றிக் காற்றடிப்பார். மணிக்கட்டில் நாடி எப்போது அடங்குகிறது என்று விரலால் பார்ப்பார். அந்த நொடியில் பாதரசம் எத்தனை மில்லிமீட்டரில் நிற்கிறதோ, அதுவே ரத்த அழுத்தம். கத்தி படாமல், வலிக்காமல் வேலை முடிந்தது.

மறு ஆண்டே பாரிஸில் வாக்கே, நோபேகூர் இருவரும் வலிப்பு வந்த பெண்களுக்கு அழுத்தம் ஏறியிருப்பதை அறிவித்தார்கள். 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகோலாய் கொரோத்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்று இறங்க இறங்க, ‘டப் டப்’ என்ற ஒலி தொடங்கி, பிறகு அடங்கியது. மேல் அளவு, கீழ் அளவு இரண்டும் அப்படித்தான் நம் கைக்கு வந்தன. உயர் அழுத்தத்தின் எல்லையாக இன்று சொல்லப்படும் 140/90-இல் இருப்பவை இந்த இரண்டு அளவுகள்தாம்.

அழுத்தம் ஏறுவது தெரிந்ததும், ஏன் ஏறுகிறது என்ற தேடல் கருப்பைக்குள் சென்றது. 1950-இல் ஸீக், அஸாலி இருவரும், வலிப்புக்கு முன்னோடியாக அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் ஏறும் இந்நோய் (ப்ரீஎக்ளாம்ப்சியா) கண்ட தாய்மாரின் கருப்பைத் தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கி வீங்கிய நுரைச் செல்களை விவரித்தார்கள். மாரடைப்பில் முடியும் தமனிக் கொழுப்பிலும் இதே வகைச் செல்கள்தாம் உண்டு. கர்ப்பத்தில் தாயின் கொலஸ்ட்ரால் கூடுவது இயல்பு. நஞ்சுக்கொடி அதிலிருந்துதான் புரோஜெஸ்டிரோன் செய்கிறது, சிசுவின் செல் சவ்வுக்கும் அது வேண்டும். ஆனால் ப்ரீஎக்ளாம்ப்சியாவில் தாயின் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு, கர்ப்பத்தின் வழக்கத்தைவிட மேலும் ஏறுகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவரும் பழுதாகிறது.

ஆகவே கர்ப்பத்தில் ஏறிய பி.பி. பிரசவத்தோடு முடிந்துபோகும் கணக்கல்ல. ப்ரீஎக்ளாம்ப்சியா கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பிள்ளை பெற்று ஆண்டுகள் ஆனாலும், எந்த மருத்துவரிடம் போனாலும் அவள் இதைச் சொல்ல வேண்டும், ஆண்டுதோறும் பி.பி.யும் கொலஸ்ட்ராலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி நாளை மறக்காத வீடு, தாயின் பரிசோதனை நாளையும் அப்படியே குறித்து வைக்கட்டும்.